ஓணம் லீவில் முளைத்த தென்னந்தோப்பு

போன மாதம் அஞ்சு போன் செய்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த கிருஷி பவனில், அதாவது பஞ்சாயத்து வேளாண்மை அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"சேச்சி, ஒரு டவுட்டு. வயலா மேட்டு நிலமா என்று இப்போது சாட்டிலைட் படம் பார்த்துத்தான் முடிவு. படத்தில் மொத்தமும் பச்சை. அது நெல்லா, வாழையா, பாசியா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் பார் மோளே."

"அங்கே அட்டை கடிக்கும் சேச்சி!"

சாட்டிலைட்டை அட்டை கடிக்காது. அதனால்தான் அதற்கு அவ்வளவு மரியாதை போலிருக்கிறது. ஆனாலும் கேட்டுவிட்டாளே, பாவம். "பேபி சார் எப்படிப் பார்ப்பாராம்? ஆபீசில் எல்லாரும் அவர் கதை சொல்கிறார்கள்" என்றாள். போனில் சொல்லி முடிகிற ஆளா அவர்? எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது.

முதலில் என்னைப் பற்றி. என் பெயர் கோமதி. பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்து வளர்ந்தது மலையாளத் தலைநகரில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்துத் தெருவில். கோவிலில் புதுக் கதிர் கொண்டுவரும் நிறபுத்தரிசி அன்று நெல்லைக் கதிராகப் பார்த்திருக்கிறேன், மற்றபடி அரிசியாகத்தான். அப்படிப்பட்டவளுக்கு வேளாண்மை உதவியாளர் வேலை கிடைத்தது. பயிற்சியில் கற்றது என்ன என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வரப்பில் விழாமல் நடப்பது, விழுந்தால் சேலையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுந்திருப்பது. மற்றதையெல்லாம் வேலைதான் சொல்லிக்கொடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாங்கள் விதை கொடுத்தோம், பூச்சி பார்த்தோம், பம்ப் செட்டுக்கு ஆள் அனுப்பினோம். வருடம் போகப் போக விதை வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். நெய்யாற்றின்கரை போகிற சாலையில் ஒவ்வொரு ஏலாவாக மறைந்துகொண்டே வந்தது. ஏலா என்றால் இந்தப் பக்கத்தில் இரண்டு மேட்டுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் வயல்வெளி. வீடு வந்தது, கல்யாண மண்டபம் வந்தது, கார் ஷோரூம் வந்தது. கடைசியில் எங்கள் முக்கிய வேலையே ஒன்றுதான் ஆகிவிட்டது: 'இந்த வயல் வயல்தானா' என்று போய்ப் பார்த்து எழுதுவது. டாக்டராகச் சேர்ந்து, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் சொல்லும் வேலையில் வந்து நின்ற மாதிரி.

வயலை மண் கொட்டி மூடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே மேடாகிவிட்ட நிலத்துக்கு விலக்கும் இருக்கிறது. அந்த விலக்கு வந்த நாளிலிருந்து எங்கள் பஞ்சாயத்தில் ஒருவருக்கும் புது நிலமே கிடையாது. எல்லாருடையதும் 'அப்பூப்பன் காலத்துத் தென்னந்தோப்பு', அதாவது தாத்தா வைத்தது. மூடுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஓணத்துக்கு ஆபீசுகள் வரிசையாக அடைத்திருக்கும். உத்திராடம் அன்று வயலாக இருந்தது, லீவு முடிந்து நாங்கள் பாயசக் களைப்போடு வந்து பார்க்கும்போது செம்மண் மேடாக இருக்கும். ஊர் மாவேலியை வரவேற்றுக்கொண்டிருக்கும்போது டிப்பர் லாரிகளும் வந்து போயிருக்கும்.

இந்த நேரத்தில்தான் பேபி சார் ஆபீசராக வந்தார். பேபி என்ற பெயரைப் பார்த்து யாரோ சின்னப் பெண் வருகிறாள் என்று நினைத்து நாற்காலிக்கு மெத்தை போட்டுவைத்தோம். வந்தவர் ஆறடிக்கு மேல். மீசை மட்டும் தனியாக ஒரு ஆள் கனம் இருக்கும். கோட்டயம் பக்கத்துக்காரர். மெத்தையைப் பார்த்தார், எடுத்தார், பியூன் நாற்காலியில் கொண்டுபோய் வைத்தார், உட்கார்ந்தார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாருக்கும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னதும் இல்லை. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்பார். அந்தப் 'பார்க்கலாம்' என்பதை மற்ற ஆபீசர்கள் போல ஆளைத் துரத்துவதற்குச் சொல்ல மாட்டார். நிஜமாகவே போய்ப் பார்ப்பார். அதுதான் ஆட்களுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

அவர் நிலம் பார்க்கும் முறையைச் சொல்கிறேன், அஞ்சு கவனிக்க. நிலத்துக்காரர் கார் அனுப்புவார், இவர் ஏற மாட்டார். நிலத்துக்காரர் மேல்பக்கம் ரோட்டில் இளநீரோடு காத்திருப்பார். இவர் கீழ்ப்பக்கமாக, ஏலா முடிகிற இடத்தில் இறங்கி, பேன்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு ஏறி வருவார். "கோமதி, வெள்ளம் எவிடேக்குப் போகணும்னு நினைக்குதோ, அதை முதல்ல பாக்கணும்" என்பார். வெள்ளம் என்றால் மலையாளத்தில் வெறும் தண்ணீர்தான். என்னிடம் பேசும்போது அவராக ஒரு தமிழ் செய்து வைத்திருந்தார். அடுத்தது புல். மேட்டு நிலத்தில் வருகிற களை வேறு, ஈரத்தில் வருகிற கோரை வேறு. "மனுஷன் கள்ளம் பறயும். கோரை பறயில்லா." மனுஷன் பொய் சொல்வான், கோரை சொல்லாது. அடுத்தது ஆட்டுக்குப் புல் அறுக்க வரும் பெண்கள். எந்த இடத்தில் எந்த மாதம் கால் புதையும் என்று அவர்களிடம் கேட்பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நிலத்துக்காரர் பக்கம் திரும்புவார். அதற்குள் இளநீர் வெந்நீராகியிருக்கும்.

எங்களிடம் மிஞ்சியிருந்த கடைசி பெரிய ஏலா தாமரவிளை. அதில் பாதி தரிசு. அந்தத் தரிசைக் குத்தகைக்கு எடுத்து ஸ்டெல்லாவும் அவள் அயல்கூட்டத்து, அதாவது மகளிர் குழுவின், பெண்களும் நெல் போட்டார்கள். ஸ்டெல்லா பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். சர்ச்சில் பாட்டு, வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் மூன்றும். தொழிலுறுதி என்னும் நூறு நாள் வேலைக்குக் கால்வாய் வெட்டப் போய், வெட்டிய கால்வாயில் தண்ணீர் சும்மா ஓடுவதைப் பார்த்து, 'நாமே நட்டால் என்ன' என்று கிளம்பியவள். பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளைந்தால் அவர்களும் குத்தகைக்குக் கொடுப்பார்கள். விளையாவிட்டால், 'பார்த்தாயா, இங்கே நெல் வராது' என்று வயலை மேடாக்கக் கேட்டு ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதுவார்கள். அந்த ஒரு போகத்தை நம்பித்தான் ஏலா முழுவதும் நின்றது.

அந்த வருடம் ஓணம் லீவு முடிந்து போனால், தாமரவிளையின் தலைப்பில், தண்ணீர் நுழையும் மேல்முனையில், செம்மண் மேடு. மேட்டின் மேல் தென்னந்தோப்பு! கன்றுகள் இல்லை, காய்த்த மரங்கள். எந்த மகானுபாவன் என்று விசாரித்தேன். என் வீட்டுக்காரரின் தம்பி, என் சொந்தக் கொழுந்தன் சங்கரன்.

சங்கரனுக்குச் சாலை பஜாரில் அரிசி மொத்தக் கடை. கடைக்கு வரும் லோடை இறக்கி வைக்க டவுனில் இடம் இல்லை. அதனால் தாமரவிளையில் சல்லிசாக நிலம் வாங்கி அரிசி குடோன் கட்டப்போகிறார். நெல் விளைகிற இடத்தை மூடி, அரிசி வைக்க இடம்! இதைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரி நான் தனியாகச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் அருணாசலம், அதிகம் பேசாதவர், "ஏன் சிரிக்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி கேஸா? நீ ஒதுங்கிக்கோ" என்றார்.

மறுநாளே பேபி சாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "என் கொழுந்தன் நிலம் சார். நான் கையெழுத்துப் போடக் கூடாது."

"போடண்டா. ஒப்பு நான் இடாம்" என்றார், கையெழுத்தை அவரே போடுவதாக. பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "ஆனா கூட வரணும் கேட்டோ. உங்க கொழுந்தன் இளநீர் கொடுத்தா யாராவது குடிக்கணுமே" என்றார்.

இது பழைய மேட்டு நிலம்தான் என்று சங்கரன் போட்ட விண்ணப்பம் ஆபீஸ் ஆபீசாக நகர்ந்து எங்கள் பார்வைக்கு வருவதற்குள் துலாமாத மழை, நம் ஐப்பசி மழைதான், முடிந்துவிட்டது. மழை பெய்தவரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மழை நின்றதும் கீழ் வயல்களுக்குத் தண்ணீர் வருவது நின்றது. தலைப்பிலிருந்து வரும் தோடு, அதாவது சின்ன ஓடை, சங்கரனின் செம்மண்ணுக்கு அடியில் கிடந்தது.

ஸ்டெல்லா ஒரு கதிரைப் பிடுங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடி வந்தாள். என் மேஜையில் வைத்து ஒரு மணியை நகத்தால் நசுக்கினாள். பால் வந்தது.

"பாத்தியளா அக்கா? இப்பதான் பால் பிடிச்சிருக்கு. இந்த வாரம் வெள்ளம் வரல்லேன்னா மொத்தமும் பதருதான். அடுத்த தடவ எவன் எங்களுக்கு நிலம் தருவான்? சொல்லுங்க."

அவளுக்கு அது யார் நிலம் என்று தெரியும். எனக்கும் அவளுக்குத் தெரியும் என்று தெரியும். அந்தக் கதிரை என் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பார்வைக்குப் போனதை மறக்க முடியாது. பேபி சார் வழக்கம்போலக் கீழ்ப்பக்கம் இறங்கினார். வயலில் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. அதில் விரலை விட்டுப் பார்த்தார். எழுந்து ஏறினார். மேலே சங்கரன் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, இளநீர் சகிதம் நின்றார். பின்னால் அவருடைய தோப்பு. அடடா, அந்தத் தோப்பை என்னவென்று சொல்ல! துலாமழையில் மண் இளகி, ஒவ்வொரு தென்னையும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, கள்ளுக்கடை அடைத்த நேரத்து ரோடு மாதிரி இருந்தது.

"என் தாத்தா காலத்துத் தோப்பு சார்" என்றார் சங்கரன்.

அவருடைய தாத்தா, என் வீட்டுக்காரருக்கும் தாத்தா, திருநெல்வேலியை விட்டு வெளியே காலடி வைக்காதவர். நான் வானத்தைப் பார்த்தேன்.

பேபி சார் ஒவ்வொரு மரமாகச் சுற்றி வந்தார். ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றவர் என்னைக் கூப்பிட்டார். மரத்தில் ஆணி அடித்து ஒரு தகரப் பலகை. டிரைவிங் ஸ்கூல் விளம்பரம். கீழே அம்புக்குறி போட்டு, இடது பக்கம் திரும்பவும் என்று மலையாளத்தில். அம்பு நேராகச் சதுப்பைக் காட்டியது. எங்கோ ரோடு அகலப்படுத்தப் பிடுங்கிய மரங்களைச் சங்கரன் மொத்த விலைக்கு வாங்கி, கிரேனில் ஏற்றி வந்து நட்டிருக்கிறார். மொத்த வியாபாரி இல்லையா, ஒரு மரம் இரண்டு மரம் வாங்கிப் பழக்கமில்லை.

"தாத்தா கார் ஓட்டப் படிச்சது இவிடயாணோ?" என்று கேட்டார் பேபி சார், மிகுந்த மரியாதையோடு.

கூட வந்த வில்லேஜ் ஆபீஸ்காரர் இருமுவது போலச் சிரித்தார். பிறகு பேபி சார் மண்வெட்டி வாங்கி, தானே வெட்டினார். இடுப்பளவு செம்மண்ணுக்குக் கீழே கறுப்புக் களி வந்தது. களியில் போன போகத்தின் நெல் தாள்கள், அறுத்த இடத்தில் அறுத்தபடி, வரிசை குலையாமல் நின்றன. கறுத்துப் போயிருந்தன, ஆனால் நின்றன. எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சங்கரன் விடவில்லை. அவர் பேச்சில் கெட்டிக்காரர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். "சார், மறைக்கதுக்கு ஒண்ணுமில்ல. இந்த ஏலா முழுக்க விளைஞ்சாலும் என் கடையில வந்த வேகத்துல வித்துப்போகும். நம்ம ஊருக்குச் சோறு ஆந்திராவுலேர்ந்து வருது. இங்க நாலு பொம்பளைய நட்டு என்ன ஆவப் போவுது?"

"சரி. சோறு லாரியில் வரும்" என்றார் பேபி சார். "இந்த வயலை அடைச்சா சுத்தி இருக்கிற கிணறு வற்றும். வெள்ளமும் லாரியில் வருமோ?"

"டேங்கர்ல வருமே சார்!"

பேபி சாரே சிரித்துவிட்டார். பதில் அப்படி. சிரித்து முடித்துவிட்டு, "ரிப்போர்ட் போகும், தீர்மானம் வர மாசங்கள் ஆகும். அதுவரை தோட்டை மட்டும் திறந்து விடுங்க. பயிர் அதுவரை நிக்காது" என்றார்.

"தோட்டைத் திறந்தா இங்க தோடு இருந்துதுன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரில்லா ஆயிரும்?" என்றார் சங்கரன். அதோடு பேச்சு நின்றது. இளநீரை யாரும் குடிக்கவில்லை, நான்கூட.

வீட்டுக்குப் போக மனசில்லை. கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேராகச் சாலை பஜாருக்கு நடந்தேன். கடையில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாக்கில் கொக்கி பட்டுக் கிழிந்து, அரிசி தரையில் சிந்தியது. சங்கரன் கல்லாவிலிருந்து எழுந்து, "மிதிக்காத! மிதிக்காத!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். குனிந்து ஒரு பிடி அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கடைத்தெருவில் எல்லாரும் அப்படித்தான். விலையில் எப்படி ஏமாற்றினாலும் சிந்தின அரிசியை மிதிக்க மாட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "என்ன மைனி, ஆபீசரம்மாவா வந்தீயளா, மைனியா வந்தீயளா?"

"மைனியாத்தான்" என்றேன். பையிலிருந்து ஸ்டெல்லாவின் கதிரை எடுத்தேன். வாடிப்போயிருந்தது. அவர் உள்ளங்கையை நீட்டச் சொல்லி, ஒரு மணியை நசுக்கினேன். மிச்சமிருந்த ஒரு பொட்டுப் பால் வந்தது.

சங்கரன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது என்னது?"

"அரிசி. நீங்க விக்குற அரிசிதான், தம்பி. பொடிப்புள்ளையா இருக்கு இப்போ."

விவரம் தெரிந்த நாளிலிருந்து அரிசிக்கு நடுவில் இருக்கிற மனுஷன், அரிசி ஒரு காலத்தில் பாலாக இருக்கும் என்று பார்த்ததே இல்லை. வேட்டியில் துடைக்கப் போன கை பாதியில் நின்றது.

"கீழ சிந்தினா கண்ணுல ஒத்திக்கிடுதீய. தாமரவிளையில எம்புட்டு சிந்தப்போவுதுன்னு வந்து பாருங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில்தான். கடைப் பையன்கள் முன்னால் அழுகிறேனே என்று இன்னும் கோபம் வந்தது. விறுவிறுவென்று இறங்கி நடந்துவிட்டேன்.

விடிந்ததும் ஸ்டெல்லாவின் போன். "அக்கா, ஜேசிபி வந்து தோட்ட வெட்டுது! வெள்ளம் வருது! ஒங்க கொழுந்தன் வேட்டிய மடிச்சுக் கெட்டிட்டு நிக்காவ. எங்கள ஒருத்தரயும் பாக்க மாட்டேங்காவ!"

எனக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: 'தோட்டைத் திறந்தாச்சு. அப்ளிகேஷனை வாபஸ் வாங்க மாட்டேன்.' எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் சங்கரன்.

ஸ்டெல்லாவின் போகம் தப்பித்தது. சங்கரனின் விண்ணப்பம் தப்பிக்கவில்லை. மண்ணை அள்ளி நிலத்தைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அள்ளினார், புலம்பிக்கொண்டே. ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. தென்னைகளில் பிழைத்தவற்றை வரப்போரம் மாற்றி வைத்தார்கள். சும்மா கிடக்கிற வயலை என்ன செய்வது என்று தெரியாமல், கடைசியில் அதையும் ஸ்டெல்லாவுக்கே குத்தகைக்கு விட்டார். குத்தகை நெல்லாகத்தான் தருவோம் என்றாள் அவள்.

அந்த வயலில் அறுவடை அன்று சங்கரன் வந்தார். அவருக்கு நெல் தெரியாவிட்டாலும் வியாபாரம் தெரியும். குவியலில் கைவிட்டு அளைந்து, நெற்றியைச் சுருக்கி, ஈரம் அதிகம், கருக்கா, பதர் அதிகம் என்று ஆரம்பித்தார். "மொத்தத்தையும் நானே எடுத்துக்கிடுதேன். என்ன விலை சொல்லுத?"

ஸ்டெல்லா வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இது விக்கதுக்கில்ல அண்ணாச்சி. திங்கதுக்கு. எங்க வீடுகள்ல பங்கு வைக்கப் போறோம்."

விலையே இல்லாத அரிசியைச் சங்கரன் அதுவரை கண்டதில்லை. குத்தகைக்கு வந்த மூட்டைகளைப் பார்த்து, "இத வச்சு நான் என்ன செய்ய? உங்க வீட்டுல போடுங்க மைனி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

போட்டாயிற்று. ஆனால் குத்த வேண்டாமா? பஞ்சாயத்தில் இருந்த நெல் மில் இப்போது கார் கழுவும் இடம். அடுத்த ஊர் மில்லில் கோதுமையும் மிளகாயும் மட்டும் திரிப்பார்களாம். வயல் போனபோது மில்லும் கூடவே போயிருக்கிறது. இவ்வளவு காலம் வேளாண்மை ஆபீசில் இருந்தும் நான் கவனிக்கவில்லை. கடைசியில் நானும் ஸ்டெல்லாவும் ஒரு பெட்டி ஆட்டோ பிடித்து, களியக்காவிளை தாண்டிப் போய்த் தமிழ்நாட்டில் குத்திக்கொண்டு வந்தோம். சொந்த ஊர் அரிசிக்காக மாநில எல்லை தாண்டிப் போய்வர வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கரனை என் வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டார். உள்ளிப் புளிக்குழம்பு, அவியல், அந்தப் புது அரிசிச் சோறு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். உட்கார்ந்தார். பிசைந்து ஒரு வாய் வைத்ததும் தொழில் புத்தி முன்னால் வந்துவிட்டது. சோற்றை விரலில் நசுக்கிப் பார்த்தார்.

"நல்ல சரக்கு மைனி. ருசியா இருக்கு. எந்த ஊரு அரிசி? நம்ம கடையில இது இல்லியே?"

நான் வாயைத் திறப்பதற்குள், அதிகம் பேசாத என் வீட்டுக்காரர் அவியலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உன் குடோனுல வெளஞ்சதுடே."

சங்கரன் கை இலையிலேயே நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் இலையில் ஓரமாகச் சிதறியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து நடுவில் வைத்தார்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க மைனி" என்றார்.